வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் பீர் காய்ச்சுதல்

வீட்டிலேயே பீர் காய்ச்சுவதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் அதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கும் தமிழர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் எட்டுக்கு இங்கே விடையளிக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஐயா, என் மகன் கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் வேலை பார்க்கிறான். பேரனைப் பார்க்க வந்த இடத்தில், குளியலறைக்குப் பக்கத்து அலமாரிக்குள் ஒரு பெரிய வாளி மூடிபோட்டபடி கொப்பளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "பீர்தான் அம்மா, நானே காய்ச்சியது" என்கிறான். கள்ளக்குறிச்சியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த எனக்கு அன்றிரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. வீட்டில் காய்ச்சினால் விஷமாகிவிடாதா? இதற்கு அங்கே போலீஸ் வராதா?
*திருச்சியிலிருந்து சென்றிருக்கும் ஒரு தாய்*

உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. நம் மொழியில் 'காய்ச்சுதல்' என்னும் ஒரே சொல் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு வழங்குவதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சாராயம் காய்ச்சுவது என்றால், புளித்த ஊறலை அடுப்பிலேற்றி, எழுகின்ற ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுப்பது. பீர் காய்ச்சுவது என்பதோ பால் காய்ச்சுவது போன்ற பொருளில்தான். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிப்புச் சாற்றைக் கசப்புச் சுவை தரும் ஹாப் பூக்களுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்து, அதன் பிறகே ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சேர்ந்த பின்பு அது மறுபடி அடுப்பேறுவதில்லை. வடித்தல் என்ற வேலையே அதில் கிடையாது.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது மெத்தனால். அது அந்தச் சாராயத்தில் கலக்கப்பட்ட தொழிற்சாலை வேதிப்பொருளே தவிர, புளிப்பதால் தானாக ஊறி வந்ததன்று. மெத்தனால் உடலுக்குள் போனதும் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறிக் கண் நரம்பைச் சிதைக்கிறது. பிழைத்தவர்களில் சிலர் பார்வையை இழப்பது அதனால்தான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளியிடுவது, குடிக்கும் மதுவிலுள்ள ஆல்கஹாலான எத்தனாலும் கரியமில வாயுவும் ஆகும். பழங்களைப் புளிக்கவைக்கும்போது அவற்றிலுள்ள பெக்டின் சிதைவதால் மெத்தனால் கொஞ்சம் உண்டாவதுண்டு. வாற்கோதுமையில் பெக்டின் மிகக் குறைவு என்பதால் பீரில் அது அஞ்ச வேண்டிய அளவை எட்டுவதில்லை. கடையில் வாங்கும் பீருக்கும் உங்கள் மகனின் வாளியில் இருப்பதற்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடு இல்லை.

போலீஸும் வராது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை ஒயின் செய்வதற்கு வழி பிறந்ததே தவிர, பீருக்குப் பிறக்கவில்லை. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டு, 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதன்படி வயது வந்த ஒருவர் மட்டும் வாழும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது ஏறத்தாழ 378 லிட்டர், வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலங்கள் தனித்தனியே இசைவு தர வேண்டியிருந்ததால் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. உங்கள் மகன் இருக்கும் கலிபோர்னியாவில் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. அவற்றை மகனிடம் தயங்காமல் கேளுங்கள். ஒருமுறை காய்ச்சினால் பொதுவாக 19 லிட்டர், அதாவது 355 மில்லி புட்டிகளில் ஐம்பதுக்கும் மேல், தேறும். எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஐம்பது புட்டி இருக்கும் வீட்டில், எத்தனை நாளில் அவை தீர்கின்றன என்பது தாய் கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டாவது, காய்ச்சும் நாளில் அடுப்பின்மேல் 20 லிட்டருக்கும் மேல் கொதிக்கும் சாறு இருக்கும். சர்க்கரை கலந்த அந்தச் சாறு மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு, வெந்நீரைவிட மோசமாகச் சுடும். பேரன் அன்று அந்தப் பக்கம் வராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அதைவிடப் பெரிய உதவி உங்கள் மகனுக்கு இல்லை.

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். பீர் காய்ச்சுவதற்கான சாமான்களெல்லாம் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்த குறிப்பின்படியே செய்தேன். குளிர்காலம் என்பதால், வழக்கமாக இட்லி மாவு வைக்கும் இடத்திலேயே, ஹீட்டருக்குப் பக்கத்தில் வாளியை வைத்தேன். இரண்டே நாளில் பொங்கி அடங்கிவிட்டது. ஆனால் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடியும் அளவுக்கு மீறிய வாழைப்பழ வாசனையும் அடிக்கின்றன. இது சரியாகுமா?

சரியாகாது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஊற்றிவிடுங்கள். ஆனால் என்ன நடந்தது என்பதை அறிந்துகொண்டு ஊற்றுங்கள், ஏனென்றால் இந்தக் கலையில் பிழைகளில் பாதி இந்த ஒரே இடத்தில்தான் நேர்கிறது.

குளிர்நாட்டுக்கு வந்த நம்மவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இட்லி மாவைப் பொங்கவைக்கும் வித்தையை. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைப்பது, கம்பளியால் சுற்றுவது, ஹீட்டரை ஒட்டி வைப்பது என்று நாம் செய்வதெல்லாம், ஊரில் இயல்பாகக் கிடைக்கும் 30 டிகிரி வெப்பத்தை இங்கே உண்டாக்கத்தான். மாவைப் புளிக்கச்செய்யும் முக்கியமான நுண்ணுயிரிகள் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு அந்தச் சூடு பிடிக்கும். நீங்கள் வாங்கிய பெட்டியில் இருந்திருக்கக்கூடிய ஏல் வகை ஈஸ்டோ 18 முதல் 20 டிகிரி செல்சியஸில்தான் நிதானமாக வேலை செய்யும். லாகர் வகைக்கு இன்னும் குளிர் வேண்டும். 9 முதல் 12 டிகிரி போதும். சூடு கூடினால் ஈஸ்ட் சாகாது, வேகமாகவே வேலை செய்யும். ஆனால் அந்த வேகத்தில் எத்தனாலோடு வேறு பல பொருள்களையும் கொட்டிவிடும். வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட். நகப்பூச்சு நெடிக்குக் காரணம் எத்தில் அசிட்டேட். தொண்டையில் எரிச்சலாக இறங்குவது உயர்வகை ஆல்கஹால்கள். தெற்கு ஜெர்மனியின் கோதுமைப் பீரில் வாழைப்பழ மணம் வேண்டுமென்றே வரவழைக்கப்படுகிறது என்பது உண்மை. அதற்கென்றே உள்ள ஈஸ்டைக்கொண்டு, அளவறிந்து செய்வது அது. நகப்பூச்சு நெடியை எந்த ஊரிலும் யாரும் விரும்புவதில்லை. அந்த நெடி வந்த பின் எத்தனை மாதம் வைத்திருந்தாலும் தணிவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குகிறது. அறையில் 20 டிகிரி இருந்தால், மும்முரமாகப் பொங்கும் வாளிக்குள் அதைவிட 3 முதல் 5 டிகிரி வரை அதிகம் இருக்கக்கூடும். ஆகவே அறையின் வெப்பத்தைப் பார்க்காமல், வாளியின் மேலே ஒட்டும் வெப்பமானிப் பட்டையைப் பாருங்கள். முதல் மூன்று நாள்களின் வெப்பம்தான் சுவையைத் தீர்மானிக்கிறது. பிறகு ஓரிரு டிகிரி ஏறினால் கெடுதல் இல்லை, கடைசிச் சர்க்கரையையும் ஈஸ்ட் முடிப்பதற்கு அது உதவும். குளிர்கால லண்டனில் சூடேற்றாத ஓர் அறையே உங்களுக்குப் போதும். கோடையில் வாளியை ஓர் அகலத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, காலையும் மாலையும் உறையவைத்த தண்ணீர் புட்டியொன்றைத் தொட்டியில் போடுங்கள்.

குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பவேரியாவில் 1553இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்று, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம், கோடையில் கூடாது என்று தடுத்தது. வெப்பமானி இல்லாத காலத்தில் பருவத்தையே அவர்கள் வெப்பமானியாகக் கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். குளிரூட்டியை நாள் முழுவதும் ஓடவிட எங்களுக்கு வசதியில்லை. வீட்டுக்குள் எப்போதும் 29, 30 டிகிரி இருக்கும். அப்படியானால் எங்களால் நல்ல பீரே செய்ய முடியாதா? இங்கே சட்டத்தில் இடம் உண்டா?

முடியும். நார்வேயின் மேற்குப் பகுதியிலுள்ள பண்ணைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காத்துவந்த 'க்வைக்' என்னும் ஈஸ்ட் வகைதான் உங்களுக்கு ஏற்றது. மற்ற ஏல் ஈஸ்டுகள் கெட்டுப்போகும் 35 டிகிரியிலும், சில வகைகள் 40 டிகிரி வரையிலும்கூட, நெடியில்லாத பீரைத் தரும். குளிர்நாட்டில் இப்படியோர் ஈஸ்ட் எப்படி வந்தது என்று வியப்பீர்கள். அந்தப் பண்ணைகளில் கொதித்த சாற்றை முழுதும் ஆறும்வரை வைத்திருக்காமல், உடல் சூட்டளவுக்கு வந்ததுமே ஈஸ்டைச் சேர்ப்பது வழக்கம். அந்தச் சூட்டைத் தாங்கியதே அடுத்த முறைக்கு எடுத்துவைக்கப்பட்டது. மரத்தில் செதுக்கிய வளையங்களில் தோய்த்து உலர்த்தித் தொங்கவிட்டு, அடுத்த முறை காய்ச்சும்வரை அதைக் காத்தார்கள். இப்போது அது சிறு பொட்டலங்களில் உலர்தூளாகக் கிடைக்கிறது.

சிங்கப்பூரில் 2004 முதல், 18 வயது நிரம்பியவர்கள் சொந்த உபயோகத்துக்காக, ஒரு வீட்டுக்கு மாதத்துக்கு 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ள அனுமதி உண்டு. விற்பதற்கும், சாராயமாக வடிப்பதற்கும் அனுமதி இல்லை.

மதுரையில் இதைச் செய்யலாமா? பொருள்கள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றனவே!

கூடாது. பொருள்கள் கிடைக்கின்றன என்பதாலேயே அனுமதி இருப்பதாகிவிடாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மதுவகை எதைத் தயாரிப்பதும் குற்றம். ஒரு லிட்டராயினும், சொந்தக் குடிப்புக்காயினும் அப்படியே. வாற்கோதுமையை முளைகட்டிப் பார்க்கலாம், ரொட்டி செய்து ஈஸ்டின் இயல்பைப் பழகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். போன வாரம் நள்ளிரவில் நிலவறையில் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், நான் அடைத்துவைத்த பீர் புட்டிகளில் நான்கு சிதறிக் கிடந்தன. மற்றவற்றைத் தொடவே பயமாக இருக்கிறது. நான் வாளி மூடியிலுள்ள ஏர்லாக்கில், அதாவது வாயுவை மட்டும் வெளியே விடும் சிறு நீரடைப்பில், குமிழி நின்ற பிறகுதான் அடைத்தேன். புட்டிக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் போட்டேன். என்ன செய்வது?

முதலில், மீதிப் புட்டிகளை வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த மேலங்கி, கையுறை, கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றை அணிந்து, பெட்டியோடு மெதுவாகத் தூக்கி, வீட்டார் யாரும் நடமாடாத குளிரான இடத்துக்கு மாற்றுங்கள். ஆட்டவோ சாய்க்கவோ வேண்டாம். நன்றாகக் குளிர்ந்த பின், மேலே ஒரு தடித்த துண்டைப் போர்த்தி, மூடியைச் சற்றே நெம்பி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுங்கள். பீரைக் காப்பாற்றும் எண்ணம் வேண்டாம். கண்களைக் காப்பாற்றினால் போதும்.

இதை வெறும் புத்தக அறிவாகச் சொல்லவில்லை. நான் காய்ச்சத் தொடங்கிய முதல் ஆண்டில், மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியில் அடுக்கியிருந்த புட்டிகள் ஓர் இரவில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. காலையில் பார்த்தபோது ஒரு கண்ணாடித் துண்டு கதவுப் பலகைக்குள் விரல் நுனியளவு இறங்கி நின்றது. முதல்நாள் மாலைதான் என் மகள் தன் பந்தை எடுக்க அந்தக் கதவைத் திறந்திருந்தாள். அன்று முதல் நான் குமிழியை நம்புவதில்லை.

குமிழி நின்றது என்பது நொதித்தல் முடிந்ததற்குச் சான்றாகாது. வாளியின் மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு வேறு வழியில் கசிந்தாலும் குமிழி நிற்கும். அறை குளிர்ந்து ஈஸ்ட் தூங்கிப்போனாலும் நிற்கும். பிறகு புட்டிக்குள் சூடு கண்டதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்போது வெளியேற வழியேது?

நம்ப வேண்டியது, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை. வெறும் தண்ணீரில் அது 1.000 என்று காட்டும். சர்க்கரை நிறைந்த சாறு தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதால், ஈஸ்ட் சேர்க்கும் முன் 1.050 என்பது போலக் காட்டும். ஈஸ்ட் தின்னத் தின்ன அளவு இறங்கி, 1.012 போன்ற ஓரிடத்தில் நிற்கும். தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131.25 ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் விழுக்காடு கிடைக்கும். இந்த எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 5. ஆனால் அந்தக் கணக்கைவிட முக்கியமானது, அளவு அசையாமல் நிற்கிறதா என்பதே. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடைக்க வேண்டும்.

நீங்கள் 1.016இல் அடைத்துவிட்டு, அது புட்டிக்குள் 1.012 வரை இறங்கியதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு நான்கே புள்ளிகள். ஆனால் ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ 2 லிட்டர் கரியமில வாயுவை அவை உண்டாக்கும். நொதித்து முடிந்த பீரிலேயே லிட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு கரைந்திருக்கும். அதனுடன் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 2.4 லிட்டர் ஆகும். நுரை பொங்கும் நல்ல பீருக்கு அதுவே போதும். அதன்மேல் இன்னும் 2 லிட்டர் ஏறினால் சாதாரணப் புட்டி தாங்காது.

புட்டிக்கு ஒரு தேக்கரண்டி என்பதையும் விட்டுவிடுங்கள். சமையலில் நம் கையளவு பொய்க்காது. ஆனால் குவித்த கரண்டிக்கும் வழித்த கரண்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சிறு புட்டிக்குள் ஆபத்தான வேறுபாடாகிவிடும். மொத்தப் பீருக்கும் வேண்டிய சர்க்கரையைத் தராசில் நிறுத்து, சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, சுத்தமான வேறொரு வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய்வழி இறக்கிக் கலந்து, பிறகு அடையுங்கள். கடிதத்தின் கடைசியில் வெல்லம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெல்லத்தின் ஈரமும் சர்க்கரைச் சத்தும் கட்டிக்குக் கட்டி மாறும் என்பதால் புட்டியில் சேர்ப்பதற்கு அது உகந்ததன்று. அங்கே வெள்ளைச் சர்க்கரையே நல்லது. சாறு கொதிக்கும்போது வெல்லத்தையோ கருப்பட்டியையோ தாராளமாகச் சேர்க்கலாம். கருநிற ஸ்டவுட் பீருக்குக் கருப்பட்டியின் புகைமணம் மிக நன்றாகப் பொருந்துகிறது.

இங்கிலாந்து லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்துத்தான் கழுவுகிறேன். ஆனாலும் இரண்டு முறையாகப் பீர் மோர் போலப் புளித்துப்போகிறது. எங்கள் சமையலறையில் தயிரும் இட்லி மாவும் எப்போதும் இருப்பதுதான் காரணமோ?

மோர் போலப் புளிக்கிறது என்று நீங்கள் சொன்னதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. காடி போல மூக்கில் ஏறினால் அசிட்டிக் அமிலம். அதற்குக் காற்று உள்ளே போயிருக்க வேண்டும். மோர்ப் புளிப்பு என்றால் லாக்டிக் அமிலம். தயிரை உறையவைக்கும் பாக்டீரியாவின் உறவுக்கூட்டம்தான் உங்கள் வாளிக்குள்ளும் புகுந்திருக்கிறது. அதற்காகத் தயிரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. பீர் செய்யும் நாளில் மாவு அரைப்பதையும் தயிருக்கு உறை ஊற்றுவதையும் தள்ளிவையுங்கள். அந்தக் கரண்டிகளைப் பீருக்குப் பயன்படுத்தாதீர்கள். அது போதும்.

இரண்டு முறையும் ஒரே விதமாகப் புளித்திருப்பதால், கிருமி உங்கள் சாமானிலேயே குடியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். வாளியின் அடியில் உள்ள குழாயைத் திருகிக் கழற்றி, அதன் உட்பாகங்களைப் பிரித்துப் பார்த்ததுண்டா? பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ரப்பர் வளையத்துக்குப் பின்னால் பழைய பீரின் பிசுக்கு கறுத்து ஒட்டியிருக்கும். அடுத்து, வாளியின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். கம்பி நாரால் தேய்த்த பிளாஸ்டிக்கில் நுண்ணிய கீறல்கள் விழுந்திருந்தால், அவற்றுக்குள் ஒளிந்த பாக்டீரியாவை எந்த மருந்தும் எட்டாது. கீறல் இருந்தால் அந்த வாளியை அரிசி கொட்டிவைக்கப் பயன்படுத்துங்கள். பீருக்குப் புதிது வாங்குங்கள். இனிமேல் மென்மையான பஞ்சுதான், நார் கூடாது.

கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலைகள். பிசுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. ஆகவே முதலில் கழுவி, பிறகு, பயன்படுத்துவதற்குச் சற்று முன்பாக, கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும். இதற்கென்று விற்கும் அமில வகைக் கிருமிநீக்கிகளை மறுபடி அலச வேண்டியதில்லை. வீட்டுப் பிளீச்சைப் பயன்படுத்தினாலோ, கொதித்து ஆறிய நீரால் நன்றாக அலச வேண்டும். மிஞ்சிய குளோரின் மால்ட்டிலுள்ள பொருள்களோடு சேர்ந்து மருத்துவமனைக் கட்டுத்துணி வாடையைத் தந்துவிடும்.

பீர் கெடுவதற்கு நுண்ணுயிரிகளே காரணம் என்பதை லூயி பாஸ்டர் பீரைப் பற்றியே ஒரு நூல் எழுதி 1876இல் விளக்கினார். அதையடுத்து 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஓர் ஈஸ்ட் அணுவிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கிக் காட்டினார். அந்த நிறுவனம் அதைப் பூட்டிவைக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தது. நாம் கடையில் வாங்கும் சிறு ஈஸ்ட் பொட்டலத்துக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. கழற்றாத குழாய் ஒன்றால் அதை வீணாக்கலாமா?

மெல்பர்னில் இருக்கிறேன். இரண்டு கேள்விகள். நம் முன்னோர்கள் தானியத்திலிருந்து மது செய்தார்களா, அல்லது கள் மட்டும்தானா? என் மனைவிக்குக் கோதுமை, வாற்கோதுமை எதுவும் சேராது. கேழ்வரகில் பீர் செய்ய முடியுமா?

செய்தார்கள். அரிசியிலிருந்து செய்த தோப்பி என்னும் மதுவைச் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் அதன் செய்முறையே வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற பிழா என்னும் பாத்திரத்திலே புலர (உலர) ஆற்றி, அதனுடன் நல்லடையை, அதாவது முளைவிட்ட தானியத்தை இடித்த அடையை, கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் விளையவைத்து அரிக்கும் முறையை அந்தப் பாடல் வரிசையாகச் சொல்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் அந்தப் 'புலர ஆற்றி' என்பதுதான். சூடாகச் சேர்த்தால் நொதிக்காது, அகன்ற பாத்திரத்தில் பரப்பினால் விரைவில் ஆறும் என்பதை அறிந்தவர்கள் கண்டு சொன்ன நுட்பம் அது. இன்று செம்புக் குழாய்ச் சுருளில் குளிர்நீரை ஓடவிட்டுச் சாற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறோம். வேலை அதே வேலைதான்.

கேழ்வரகுக்கு வருவோம். ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. முளைகட்டாத மாவில் செய்தால் கெட்டியாக நிற்கும் கஞ்சி, முளைகட்டிய மாவில் இளகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். முளைவிடும்போது தானியத்தில் பெருகும் அமைலேஸ் என்னும் நொதிகள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதால்தான் அப்படி இளகுகிறது. மால்ட் என்பதன் முழுப் பொருளும் அதுவே. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் கேழ்வரகில் இல்லை. நேபாளத்திலும் சிக்கிமிலும் கேழ்வரகைப் புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சிக் குடிக்கும் தோங்பா இன்றும் வழக்கில் இருக்கிறது.

தடை ஒன்று உண்டு. வாற்கோதுமை மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தாலே போதும். அந்தச் சூட்டில் அதன் மாவுச்சத்தும் இளகும், நொதிகளும் உயிரோடிருக்கும். கேழ்வரகின் மாவுச்சத்து இளக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், ஆனால் அந்தச் சூட்டில் நொதிகள் செத்துவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய கேழ்வரகை நொறுக்கி, 50 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரைத் தனியே இறுத்து வையுங்கள். நொதிகள் அந்த நீரில்தான் கரைந்திருக்கும். அடியில் நிற்கும் மாவைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கூழாக்கி, 65 டிகிரிக்கு ஆறியதும் எடுத்துவைத்த தெளிநீரை மறுபடி ஊற்றிக் கிளறி, மூடிவையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் கூழ் இளகி இனிக்கத் தொடங்கும். அதன் பிறகு வடிகட்டி, ஹாப் சேர்த்துக் கொதிக்கவைப்பதெல்லாம் மற்றப் பீரைப் போலத்தான்.

கடையில் கிடைக்கும் ராகி மால்ட் பொடி இதற்கு உதவாது. பெரும்பாலும் வறுத்து அரைத்திருப்பார்கள், நொதிகள் அதில் இருக்கமாட்டா. நீங்களே முளைகட்டி, 50 டிகிரிக்கு மேற்படாத சூட்டில் உலர்த்திக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவிக்கு ஒவ்வாமை என்பதால், முன்பு வாற்கோதுமைப் பீர் செய்த வாளியையும் குழாயையும் இதற்குப் பயன்படுத்தாமல் தனியாக ஒரு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் பச்சை நிறப் புட்டிகள் இலவசமாக நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பீரை அடைக்கலாமா?

தடித்த, விரிசலில்லாத பீர் புட்டிகளாக இருந்தால் அடைக்கலாம். மெல்லிய ஒயின் புட்டிகள் வேண்டாம், அழுத்தம் தாங்காது. ஆனால் ஹாப் பூவிலிருந்து பீருக்குள் இறங்கும் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த கெட்ட வாடையைத் தரும். வெயிலில் சில நிமிடங்களே இதற்குப் போதும். பழுப்பு நிறக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. கிடைத்ததை விட மனமில்லையென்றால், அடைத்தவுடன் அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, குடிக்கும் நாள்வரை இருட்டிலேயே வைத்திருங்கள்.